பிறக்காத மலாக்கா மேசான்

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஷாலினி என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இயற்பியல் துறையில் விரிவுரையாளர். துறையின் பழைய கட்டடத்தில் கண்காட்சி ஒன்று வைக்கிறார்களாம். அந்தக் காலத்து நுண்ணோக்கி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் பலகை ஒன்று மாட்டப் போகிறார்களாம். திறப்பு நாளன்று நான் முதல் வரிசையில் வந்து உட்கார வேண்டுமாம். மரியாதையான பெண்தான். வாங்கி வந்த பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, பலகையில் எழுதப்போவதைக் கைப்பேசியில் காட்டினாள்.

மலாக்கா மேசான் என்பது தலைப்பு. அதன் கீழே ஒரே வரி: உள்ளூர்ப் பெண் உதவியாளர்களின் அளவீட்டில், வெப்பமண்டலச் சூழல் காரணமாக நேர்ந்த பிழை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். அதே வரிதான்.

“இத மாட்டுனா நான் வரமாட்டேம்மா,” என்றேன்.

“ஏன் ஆண்டி? உங்களப் பத்திதானே போட்டிருக்கு?”

“என்னைப் பத்தி இருக்கு. நடந்தது இல்ல.”

அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். பிறகு, “அப்ப நடந்தத நீங்களே எழுதிக் குடுங்களேன் ஆண்டி. எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல,” என்றாள். அதனால் எழுதுகிறேன். வயது ஏற ஏற வாய் சாந்தமாகிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. இதைப் படித்து யாருக்காவது சுருக்கென்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இடம் மலாக்காவில் காஜா பேராங்கில், சிட்டி சமூகத்தார் குடியிருக்கும் கம்போங்குக்குச் சற்று முன்னால் இருந்த ஓட்டு வீடு. பல்கலைக்கழகம் அதை வாடகைக்கு எடுத்திருந்தது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. ஐஸ் ஆலை லாரி வந்து மரத்தூள் ஒட்டிய பெரிய பெரிய கட்டிகளை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் என்பதால் அக்கம்பக்கத்தார் அதை ஐஸ் வீடு என்றார்கள். உள்ளே மீன் வியாபாரம் நடக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு. நடந்தது மேசான் ஆராய்ச்சி.

விளங்கச் சொல்கிறேன். வானத்திலிருந்து ஓயாமல் கதிர்கள் பூமிமேல் விழுந்துகொண்டிருக்கின்றன. அவை ஓர் அணுக்கருவில் வேகமாக மோதினால் அது சிதறும். அந்தச் சிதறலில் மேசான் என்ற துகள்கள் பிறந்து, கண் இமைப்பதற்குள் அழிந்தும் போகும். இன்று இப்படிப்பட்ட மோதலை உண்டாக்க ஊரளவு பெரிய யந்திரம் கட்டுகிறார்கள். எங்களிடம் இருந்தது லேடாங் மலை. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைத் தடிப்பாகப் பூசிய கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் அடைத்து மலைமேல் வைத்துவிடுவோம். சில வாரம் கழித்து இறக்கிக் கழுவினால், துகள் போன தடம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கம்யூனிஸ்டுகளோடு காட்டுச் சண்டை நடந்த அவசரகாலம் முடியாத நேரம் அது. மலைக்குப் போகப் போலீஸ் அனுமதி வேண்டும். இறக்கிய தகட்டைத் தூர ஊருக்குச் சுமந்துபோகவும் முடியாது, கழுவுவதற்கு முன்பே நம் ஊர்ச் சூட்டில் தடம் மங்கிவிடும். அதனால்தான் மலைக்குப் பக்கத்தில் மலாக்காவும், மலாக்காவில் ஐஸ் வீடும்.

எங்கள் தலைமைப் புரொஃபசர் வெள்ளைக்காரர். பல்கலைக்கழகத்தில் இருப்பார், எப்போதாவது காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஐஸ் வீட்டை நடத்தியவர் டாக்டர் செல்லத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லிய மனிதர், குரலும் மெல்லிய குரல். வேலைக்கு ஆள் எடுத்த அன்று எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக நுண்ணோக்கிக்குள் பார்க்கச் சொல்லி, பார்த்ததைத் தாளில் வரையச் சொன்னார். எல்லோருடைய தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமும் இன்னொரு பெண்ணிடமும் மட்டும் வந்தார்.

“மற்றப் பிள்ளையள் எல்லாம் கோடு கீறிப்போட்டினம். நீங்கள் ரெண்டு பேரும்தான் புள்ளி வைச்சிருக்கிறியள். அங்க கோடு இல்லைப் பிள்ளை. கோடு எங்கட மண்டைக்குள்ள,” என்றார். அவ்வளவுதான் நேர்காணல்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கழுத்து வலித்தது, கண் எரிந்தது, பழகிவிட்டது.

அந்த இன்னொரு பெண் நீலம். சிட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வணிகரின் வம்சம். நெற்றியில் பொட்டு, வீட்டில் சாமி அறை, பொங்கல் வந்தால் எங்களைவிடச் சுத்தபத்தமாகப் படைப்பார்கள். ஆனால் தமிழ் வராது. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவள் பேசியதை இங்கே தமிழில்தான் எழுத முடிகிறது, காரம் கொஞ்சம் குறைந்துதான் வரும்.

தகடு கழுவுவது புகைப்படக் கடை வேலை மாதிரி இல்லை. பூச்சு தடிப்பாக இருப்பதால், மருந்து மேலே பிடித்துவிட்டு அடியில் பிடிக்காமல் போய்விடும். அதற்காகத் தகட்டை முதலில் ஐஸ் போட்ட தொட்டியில் குளிர்ந்த மருந்துக்குள் ஊறவிட வேண்டும். குளிரில் மருந்து வேலை செய்யாது, ஆனால் அடிவரை இறங்கிவிடும். இறங்கிய பிறகு எடுத்து மெல்லச் சூடு காட்டினால் மேலும் அடியும் ஒன்றாகக் கறுக்கும். திரும்பவும் ஐஸ். பிறகு நாள்கணக்கில் வேறொரு மருந்து, நாள்கணக்கில் தண்ணீர். எங்கே அவசரப்பட்டாலும் ஜெலட்டின் அப்பளம் மாதிரிக் கொப்புளித்துக் கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும். சுதந்திரத் தேதியைப் பாடாங் திடலில் அறிவித்த அன்று ஊரே அங்கே திரண்டிருந்தது. எங்கள் தொட்டியில் தகடு இருந்தது. யாராவது ஒருத்தி காவல் இருக்க வேண்டும். நீலம் போனாள், நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டித் திரும்பி வந்தவள், “மெர்டேக்கா வந்துவிடும் ராஜம். உன் தகடு எப்படி?” என்று கேட்டாள். ஒன்றுகூடக் கழலவில்லை என்று நான் சொன்னதற்கு அவள் மறுபடியும் ஒரு தரம் கத்தினாள்.

டாக்டர் செல்லத்துரை அளவறைக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். மேசை ஆடக்கூடாது. நாம் அளந்துகொண்டிருந்தால் பின்னால் நின்று பார்க்க மாட்டார், மூச்சு விடுகிற சத்தம்கூட நம் கையைத் திருப்பும் என்பார். என்ன வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எப்படி அளந்தாய் என்றுதான் கேட்பார். “குமிழை எந்தப் பக்கத்தால திருப்பினனீர்? கீழயிருந்து மேலயோ, மேலயிருந்து கீழயோ?” முக்கியமான தடம் எதையும் மூன்று பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். நான், நீலம், அவர். ஒருவர் கண்டது மற்றவர் காதில் விழக்கூடாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி மைலோ டின்னில் போட்டுவிடுவோம். மூன்றும் சேர்ந்த பிறகுதான் திறப்பார். ஒத்துவந்தால் “ம்” என்பார். பாராட்டு அதற்குமேல் கிடையாது. நான் அந்த “ம்”முக்காக ஏங்கியிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

இனி அரிசி.

கழுவி உலர்த்திய தகட்டுக்கு எங்கள் ஊரில் முதல் எதிரி ஈரம். ஜெலட்டின்மேல் பூசணம் பூத்துவிடும். ஈரத்தை உறிஞ்சுகிற மருந்து கப்பலில் வரும், வரும்போதே கட்டிதட்டிப்போய் வரும். ஒரு தொகுதி தகடு முழுவதும் பூத்து வீணானபோது டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நீலம்தான் சொன்னாள், தன் அம்மா விற்பனைக்குச் சுடும் கூவே பலகாரங்களை எப்படி நமத்துப்போகாமல் வைக்கிறார் என்று. டின்னுக்கு அடியில் வறுத்த அரிசி. மறுநாளே பெரிய பிஸ்கட் டின்னில் வறுத்த அரிசியைக் கொட்டி, மேலே மரத்தாங்கியை வைத்து, தகடுகளை அதில் வரிசையாக நிறுத்தி மூடினோம். அதற்குப் பிறகு பூசணம் என்ற பேச்சே இல்லை. புரொஃபசர் வந்து பார்த்தபோது வியந்து, அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். போகிற இடமெல்லாம் அதைப் பற்றிப் பேசினார் என்று கேள்வி. வாரம் தவறாமல் நீலத்தின் அம்மா அதை மறுபடி வறுத்துக் கொடுப்பார். அவர் பெயரும் பலகையில் இல்லை.

இப்போது அந்த மேசான். பை மேசான் என்று ஒரு வகை உண்டு. அது ஜெலட்டினுக்குள் ஓடிக் களைத்து நிற்கிற இடத்தில் அழிந்து, மியூ என்ற இன்னொரு துகளை வெளியே தள்ளும். அந்த மியூ ஓடுகிற தூரம் எப்போதும் ஒரே தூரம். அறுநூறு மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். உலகத்தில் எந்த மூலையில் அழிந்தாலும் அதேதான். நுண்ணோக்கியில் முதன்முதலாக அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தடித்து நெளிந்து வரும் தடம் நிற்கும், அதன் நுனியிலிருந்து இன்னொரு தடம் கிளம்பும், தன் அளவு தெரிந்ததுபோல ஓடி அதுவும் நிற்கும்.

முதலில் நீலம் ஒன்று கண்டாள், ஐந்நூறுக்குக் கிட்ட நின்றுவிட்ட மியூ. அளந்தவள் தப்பு என்று விட்டிருப்பார்கள், ஆனால் டின்னைத் திறந்தால் மூன்று சீட்டும் ஒன்றையே சொன்னது. பிறகு நான் ஒன்று கண்டேன். பிறகு இன்னும் சில. குட்டை என்று அவற்றுக்குப் பெயர் வைத்தோம். புரொஃபசருக்குத் தந்தி போனது, அவர் காரில் பறந்து வந்தார். ஒவ்வொரு குட்டையாகப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, குட்டையான மியூவைத் தள்ளுகிற மேசான் நாம் அறிந்த பை மேசானாக இருக்க முடியாது, இது வேறொன்று என்றார். மலாக்கா மேசான் என்று பெயர் வைத்ததும் அவர்தான். பிறக்கப்போகும் நாட்டுக்குத் தன் பரிசு என்றும் சொன்னார்.

சுதந்திரம் வாசலில் நின்றது. அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும், அவருடைய இடத்துக்கு உள்ளூர்க்காரர் வருவார், ஐஸ் வீட்டுக்கு இனிமேல் பணம் ஒதுக்குவதா இல்லையா என்று பல்கலைக்கழகம் முடிவெடுக்க வேண்டும். புதிய மேசான் நிலைத்தால் ஐஸ் வீடு நிரந்தர ஆய்வுக்கூடம், எனக்கும் நீலத்துக்கும் நிரந்தர வேலை என்று புரொஃபசரே எங்களிடம் சொன்னார். இல்லாவிட்டால் மூடுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இதை மழுப்பாமல் எழுதுகிறேன். என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், அப்பா பொதுப்பணித் துறையில் ரோட்டு வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். சிகாமாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவருக்கு என்னைக் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

“கண்ணாடியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிறான். குடுக்கட்டும்,” என்பார் அப்பா. “வேலை நெரந்தரம்னு எழுதிக் குடுத்தா நான் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். டெம்பரரின்னா எத்தனை நாளைக்குத்தான் அவங்கள நிக்க வைக்கிறது?”

நியாயமான மனிதர். கிராணியும் நல்லவராகவே இருந்திருப்பார். நான் தோட்டத்து வீட்டில் சமையல்கட்டுக்குள் நிற்கப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இந்த உலகத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை.

புதிய மேசானைப் பற்றிப் புரொஃபசர் எழுதிய கட்டுரையின் சுருக்கம் திங்கட்கிழமை தந்தியில் வெளிநாட்டுக்குப் போவதாக இருந்தது. அதற்கு முன் சனிக்கிழமை மாலை ஐஸ் வீட்டில் தேநீர் விருந்து, பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். வெள்ளிக்கிழமை பகல் அந்தத் தகடுகளைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துத் திரும்ப டின்னுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். குட்டைகள் இருக்கும் இடத்தில் கண்ணாடியின் பின்பக்கம் மையால் சிறு வட்டம் போட்டிருப்போம். தகட்டைத் தாங்கியில் இறக்கும்போது வட்டங்கள் எல்லாம் அரிசியை நோக்கிக் கீழே போயின. அடுத்த தகட்டை எடுத்தேன், அதிலும் கீழ் ஓரம்தான். கை அப்படியே நின்றுவிட்டது.

மறுபடி நுண்ணோக்கிக்குப் போனேன். அதே கீழ் ஓரத்தில், படுத்தவாக்கில் ஓடிய மியூக்களைத் தேடி அளந்தேன். ஒவ்வொன்றும் அறுநூறு, குறையவே இல்லை. ஆழத்தை நோக்கிப் பாய்ந்தவை மட்டும்தான் குட்டை. துகளுக்கு எங்கள் டின் எங்கே இருக்கிறது என்று தெரியாது, எது ஆழம் எது அகலம் என்றும் தெரியாது. அதை அளக்கிற எங்களுக்குத்தான் அந்த வித்தியாசம். கழுவி உலர்ந்த பூச்சு பழைய தடிப்பில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அதனால் நாங்கள் அளக்கும் ஆழத்தைச் சுருக்கத்துக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்வோம். எத்தனை மடங்கு என்பதைத் தகட்டின் நடுவில்தான் பார்த்து வைத்திருந்தோம். அரிசிக்குப் பக்கத்தில் இருந்த ஓரமோ நடுவைவிட அதிகமாக வறண்டு, அதிகமாகச் சுருங்கியிருந்தது. நாங்கள் பெருக்கியது போதவில்லை. மலாக்கா மேசான் அந்த வறட்சிக்குள்தான் பிறந்திருந்தது.

நீலத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

“அலாமாக்,” என்றாள் மெதுவாக. பிறகு, “நீ சொல்லாதே ராஜம்.”

“சொல்லாம எப்படி?”

“அரிசி யாருடையது? என் அம்மாவுடையது. நாளைக்கு அத்தனை பேரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கம்போங்கில் ஆராய்ச்சி செய்தால் இப்படித்தான் என்பார்கள். உனக்கு வேலை வேண்டாமா? அந்தக் கிராணிக்குச் சோறாக்கப் போகிறாயா?”

“வேலை வேணும். இல்லாத மேசானை வச்சு வேண்டாம்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஆனால் திரும்பவும் உட்கார்ந்து மிச்சமிருந்த படுத்த மியூக்களையும் அளந்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை டாக்டரிடம் சொன்னேன். அவர் என்ன வந்தது என்று கேட்கவில்லை. எப்படி அளந்தேன் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். முடிந்ததும் போய்த் தானே இரண்டு தடங்களை அளந்தார். வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“பிள்ளை, இதை நீர்தான் புரொஃபசரிட்டைச் சொல்லவேணும்.”

“நானா? நீங்க சொன்னாத்தானே சார் எடுபடும்?”

“அவரின்ரை கதிரைக்கு வரப்போறவன் நான். நான் சொன்னா, தன்ரை பேரைக் கெடுக்க வாறான் எண்டு நினைப்பார். நீர் சொன்னா கேள்வி கேப்பார். கேள்விக்குப் பதில் உம்மட்டை இருக்கு.” பிறகு அளவறைப் பக்கம் திரும்பி, “இந்த அறை போயிடும். அது தெரியும்தானே?” என்றார்.

தெரியும் என்றேன். “ம்,” என்றார்.

விருந்துக்கு வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் கறிபாப், கேக், தேநீர். பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். நீலமும் வந்திருந்தாள், என் பக்கம் பார்க்கவில்லை. புரொஃபசர் பேச எழுந்திருக்கும் முன்பே நான் போய், தந்தியை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். என் ஆங்கிலம் நடுங்கியது, விஷயம் நடுங்கவில்லை.

அவர் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களிடம் திரும்பி, அரிசி ஒரு மேசானைத் தின்றுவிட்டது என்கிறாள் இந்தப் பெண் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர், அரிசி பச்சையா புழுங்கலா என்று கேட்டார். இன்னொருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அப்போது நீலம் உள்ளே போய்ப் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேக்குக்குப் பக்கத்தில் நங்கென்று வைத்து மூடியைத் திறந்தாள்.

“சிரித்தது சுக்குப். போதும்,” என்றாள். பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகத்தான் பேசினாள். “இது என் அம்மா வறுத்த அரிசி. இது இல்லாவிட்டால் உங்களிடம் மேசானும் இருந்திருக்காது, தகடும் இருந்திருக்காது, பூசணம்தான் இருந்திருக்கும். தகட்டைக் காப்பாற்றியதும் எங்கள் அரிசி, ஓரத்தை வறட்டியதும் எங்கள் அரிசி. அதைக் கண்டுபிடித்ததும் நாங்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, சார்?”

அவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். புரொஃபசரின் முகம் சிவந்திருந்தது. ஆனால் அவரும் ஒரு விஞ்ஞானி. டின்னுக்குள் எட்டிப் பார்த்தார், வட்டங்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. நீ சொல்வது சரியென்று எப்படி நிரூபிப்பாய் என்று என்னைக் கேட்டார்.

“தகட்டைத் தலைகீழா நிறுத்தலாம் சார்,” என்றேன். “கீழ் ஓரம் மேல போகட்டும், மேல் ஓரம் அரிசிக்குப் பக்கத்துல வரட்டும். ஒரு மாசம் கழிச்சு அதே தடங்களை மறுபடி அளப்போம். நான் சொல்றது சரின்னா, குட்டை நிமிர்ந்துடும். மேல் ஓரத்துல ஆழமாப் பாய்ஞ்சு ஒழுங்கா இருந்ததெல்லாம் குட்டையாயிடும். மேசான் நிஜம்னா, அது நின்ன எடத்துலயே நிக்கும்.”

புரொஃபசர் தந்தியை நிறுத்தினார். அந்தப் பெருந்தன்மையை நான் மறுக்க மாட்டேன். ஊருக்குப் போகும் நாளையும் தள்ளிப்போட்டார்.

அந்த மாதம் நான் பட்ட பாட்டை எந்தத் தகட்டிலும் அளக்க முடியாது. துக்காங் எமாஸ் தெருவுக்குப் போய்ப் பொய்யாத விநாயகருக்கு முன்னால் நின்று, நான் சொன்னது பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மேசான் நிஜமாக இருக்கட்டும், என் வேலை நிலைக்கட்டும், நான் முட்டாள் என்று ஊர் சொல்லட்டும். வேண்டிக்கொண்டு வந்து, அடுத்த நாள் டின்னைத் திறந்து அரிசி சரியாக வறுபட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பிள்ளையாருக்காகச் சோதனையைக் கெடுக்க முடியுமா?

மாதம் முடிந்ததும் மூவரும் அளந்தோம். புரொஃபசர் வெளி அறையில் காத்திருந்தார். மைலோ டின்னை டாக்டர் எல்லோருக்கும் முன்னால் திறந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் படித்தார். நீலம் முதலில் கண்ட குட்டை அறுநூறுக்கு வந்திருந்தது. நான் கண்டதும் வந்திருந்தது. மேல் ஓரத்தில் ஆழத்தை நோக்கிப் பாய்ந்து அதுவரை சரியாக இருந்தவை எல்லாம் ஐந்நூறுக்கு இறங்கியிருந்தன. எங்கள் மூவரின் சீட்டுகளும் ஒன்றையே சொன்னன.

“மேசான் செத்துப்போச்சு பிள்ளை,” என்றார் டாக்டர்.

புரொஃபசர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நீலத்தின் கையையும் குலுக்கினார். நான் அழவில்லை. அழுகையை வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டேன்.

இதைப் பற்றி டாக்டர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஈரம் உறிஞ்சும் பொருள் என்று நாசூக்காகப் போட்டுவிடலாம் என்றார் புரொஃபசர். வெளிநாட்டில் படிப்பவர்கள் நம்மை இளக்காரமாக நினைப்பார்களே என்று அவருக்குக் கவலை.

“வறுத்த அரிசின்னே போடுங்க சார்,” என்றேன். “இல்லன்னா என் அளவுகளை அதுல போடாதீங்க.”

நீலம் பக்கத்திலிருந்து, “பெத்துல், சரிதான்,” என்றாள். வறுத்த அரிசி என்றே அச்சில் வந்தது. வறுத்தவருக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரியும் வந்தது.

ஐஸ் வீட்டை மூடினார்கள். நுண்ணோக்கிகளை மரப்பெட்டிகளில் அடைத்து லாரியில் ஏற்றியபோது நானும் நீலமும் வாசலில் நின்று பார்த்தோம். அவள் கல்யாணம் செய்துகொண்டு அம்மாவின் பலகாரத் தொழிலை எடுத்து நடத்தினாள், நன்றாகவே நடத்தினாள். நான் கிராணியைக் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு டாக்டர் செல்லத்துரை புதிய ஆய்வுக்கூடம் தொடங்கியபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போய் ஓய்வு பெறும்வரை இருந்தேன். தகடு போய்ப் படச்சுருள் வந்தது, படச்சுருள் போய்க் கணினி வந்தது, எல்லாவற்றிலும் வேலை செய்தேன். ஆயிரமாயிரம் மோதல்களை அளந்திருக்கிறேன். நிஜ மேசான்களைக் கண்டதற்காக யாரும் என்னைத் தேடி வரவில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று சொன்னதற்காகத்தான் இன்றைக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். அதையும் பிழை என்று எழுதி வைத்துக்கொண்டு.

வெப்பமண்டலச் சூழலாம். தகட்டின் இரண்டு ஓரத்துக்கும் ஒரே வெப்பம்தான் இருந்தது. வெயிலின்மேல் பழியைப் போட்டால், இந்த ஊரில் இருப்பவர்களால் ஒழுங்காக ஒன்றும் அளக்க முடியாது என்று பொருள். நாங்கள் அளந்தோம். எங்கள் அரிசி செய்த கோளாறை எங்கள் கையாலேயே அளந்தோம். அளந்தபடியே சொன்னோம், எங்கள் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னோம். உதவியாளர்களாம். யாருக்கு உதவினோம்?

நேற்று ஷாலினி தொலைபேசியில் பேசினாள். பலகைக்கு நான் எழுதி அனுப்பிய வரி அவளுக்குக் கிடைத்துவிட்டது. மலாக்கா மேசான் என்று ஒன்று இல்லை என்பதை, வறுத்த அரிசி வைத்த டின்னைக் கொண்டு, காஜா பேராங்கில் கண்டுபிடித்தவர்கள் என்று தொடங்கி, நீலத்தின் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதியிருந்தேன்.

“பேரெல்லாம் ஓகே ஆண்டி,” என்றாள். தயங்கினாள். “அந்த அரிசி மட்டும் வேணுமா? பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க. படிச்சிட்டுச் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்,” என்றேன். “அன்னைக்குப் புரொஃபசரும்தான் சிரிச்சாரு. அப்புறம் நாங்க தகட்டைத் திருப்பி வச்சோம்.”